முப்பது கிலோமீட்டர் போதுமா?

சேலத்தில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் நான்கு பேர் வீட்டுக்குத் தெரியாமல் ஏற்காட்டுக்குக் கிளம்பிப் போகிற கதையை எழுதிக்கொண்டிருக்கிறாராம். நண்பர்கள் படித்துவிட்டு, "ஏற்காடு முப்பது கிலோமீட்டர்டா, அதுக்குப் பேரு ரோடு மூவியா? லடாக்குக்காவது அனுப்பு" என்று சொல்லிவிட்டார்கள். பயணப் படம் என்றால் எவ்வளவு தூரம் போக வேண்டும்? பதின்வயதுப் பிள்ளைகளின் படங்களில் வீட்டை மீறுவதும் பயணம் கிளம்புவதும் ஏன் எப்போதும் சேர்ந்தே வருகின்றன? தமிழில் பார்க்க என்ன இருக்கிறது? இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, லடாக் வேண்டாம். ஏற்காடே தாராளம். சொல்லப்போனால் உங்கள் கதைக்கு ஏற்காட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டி, முடிந்ததும் உட்கார்ந்து பேசுவதை இந்த ஊரில் பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் இது எனக்கு ரொம்பப் பிடித்தமான விஷயம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். இந்த வகைப் படங்களுக்கெல்லாம் மூத்தது என்று பலரும் சொல்லும் 'ரெபல் வித்தவுட் எ காஸ்' 1955-ல் வந்தது. அதில் நடித்த ஜேம்ஸ் டீன், படம் திரைக்கு வருவதற்குள் அந்த ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி கார் விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு 24 வயது. கதை ஏறக்குறைய ஒரே நாளில் நடந்து முடிகிறது. யாரும் ஊரைத் தாண்டி எங்கும் போவதில்லை. பாறை விளிம்பை நோக்கி இரண்டு பையன்கள் திருட்டுக் கார்களை ஓட்டுகிறார்கள். முதலில் குதிப்பவன் கோழை. ஒருவனுடைய சட்டைக் கை கதவுப் பிடியில் மாட்டிக்கொள்ள, அவன் காரோடு போய்விடுகிறான். அந்தப் படத்தில் சாலை என்று இருப்பதே அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நூறு அடிக்குப் பிறகு, யாரும் பழையபடி வீட்டுக்குப் போக முடியாது.

'அமெரிக்கன் கிராஃபிட்டி' 1973-ல் வந்த படம். 1962-ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊரில் ஒரே ராத்திரி நடக்கும் கதை. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் இரவெல்லாம் அதே தெருக்களைக் காரில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். விடியும்போது ஒருவன் ஊரை விட்டுப் போகிறான், போவதாக இருந்த இன்னொருவன் தங்கிவிடுகிறான். 2010-ல் வந்த இந்திப் படம் 'உடான்' இன்னும் ஒரு படி மேல். ஜாம்ஷெட்பூரில் கண்டிப்பான அப்பாவிடம் மாட்டிக்கொண்ட பையனை அந்த அப்பா தினமும் காலையில் ஓட்டப் பயிற்சிக்குக் கூட்டிப்போவார், கடைசித் தூரத்தில் பந்தயம் வைப்பார், அவரே ஜெயிப்பார். கடைசியில் பையன் வீட்டை விட்டு ஓடுகிறான். அப்பா துரத்துகிறார். இந்த முறை அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஓடிய தூரம் சில தெருக்கள்தான். அந்தக் காட்சியைப் பார்த்துக் கண் கலங்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார். அவர் போட்ட ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அதை மீறிக்கொண்டே போனால் 'இதுக்கு மேல சமாளிக்க முடியாது' என்று ஓர் இடம் வருகிறது. அந்த இடம் எது, அதைத் தாண்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்ததா இல்லையா என்பதுதான் கதை. லடாக் வரை போகிற எத்தனையோ படங்களில் இந்த இடமே கிடையாது. மலை வரும், மேகம் வரும், பைக் சத்தம் வரும், பாட்டு வரும். வீட்டில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதைச் சுற்றுலா என்று சொல்லலாம்.

அப்படியானால் அமெரிக்கப் படங்களில் ஏன் அவ்வளவு நீளமான சாலைகள்? அங்கே அதற்கு ஊர் சார்ந்த காரணம் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதில் கார் ஓட்ட லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது. 1956-ல் நாடு முழுக்க நெடுஞ்சாலை போடச் சட்டம் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கார் என்பது கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய தனி அறை. பெற்றோர் கண்ணில் படாமல் பேச, அழ, முத்தமிட, சண்டை போட அந்த ஓர் இடம்தான் இருந்தது. அதனால் கதைகளும் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

நம் பிள்ளைகளுக்கு அந்த அறை கிடையாது. உங்கள் நான்கு பேரும் பஸ்ஸில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் அப்பாவோடு வேலை பார்ப்பவர் நிற்பார். அஸ்தம்பட்டியில் டியூஷன் சார் ஏறுவார். கண்டக்டர் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?" என்பார். பக்கத்து சீட்டு அம்மா, "நீ எந்த ஊரு கண்ணு, யாரு பையன்?" என்று ஆரம்பித்து நான்கு கேள்வியில் உங்கள் தாத்தா பெயர் வரைக்கும் வந்துவிடுவார். அமெரிக்கப் படத்தில் வீடு பின்னால் போய்விடும். நம் ஊரில் வீடு கூடவே பஸ்ஸில் ஏறிக்கொள்கிறது. அதனால் நம் பயணக் கதையில் பதற்றம் என்பது யார் பார்த்தார்கள், யார் சொல்லிவிடுவார்கள் என்பதில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் முதல் 5 கிலோமீட்டரிலேயே உங்களுக்கு அரை மணி நேரப் படம் கிடைத்துவிடும்.

இது வெறும் வேடிக்கையான பதற்றம் மட்டும் இல்லை என்பதையும் எழுதும்போது மறக்க வேண்டாம். 2015-ல் திருச்செங்கோட்டில், கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த இளைஞரைச் சாதியின் பேரால் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். நம்மிடமிருந்து ஒன்றரை மணி நேர தூரம். ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை யார் பார்க்கிறார்கள் என்பது இந்த வட்டாரத்தில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உங்கள் நான்கு பேர் யார் யார், எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதைப் படத்தில் சொல்கிறீர்களோ இல்லையோ, எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் நேரம். நம் பிள்ளைகள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதைக் கிலோமீட்டர் சொல்லாது, கடிகாரம்தான் சொல்லும். காலையில் பள்ளிக்குப் போகிற நேரத்தில் கிளம்பி, மாலை வீடு திரும்புகிற நேரத்துக்குள் வந்துவிட்டால் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். ஏற்காடு அதற்குச் சரியான தூரத்தில் இருக்கிறது. போய்விட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். லடாக்கில் இந்தக் கணக்கு வராது.

ஏற்காட்டுக்கு இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. சில வளைவு தாண்டியதும் காற்று மாறும். ஜன்னல் ஷட்டரை ஏற்றிவிட்டுக் கையை வெளியே நீட்டியிருந்தவன் மெல்ல உள்ளே இழுத்துக்கொள்வான். கீழே இறங்கும் லாரிக்கு வழிவிட்டு பஸ் வளைவின் முனையில் நிற்கும்போது, டிரைவர் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு ஏற்றுவார். உள்ளே நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வார்கள். நான்கு பேரில் யார் யார் மேல் சாய்ந்தார்கள் என்பதை அந்த ஒரு வளைவில் காட்டிவிடலாம், வசனமே வேண்டாம். மேலே போய் லேடீஸ் சீட்டில் நின்றால், கீழே சேலம் மொத்தமும் தெரிகிறது, ஏறி வந்த பாதையும் தெரிகிறது. இருட்டின பிறகு என்றால் ஊர் முழுக்க விளக்கு. வீட்டை விட்டு ஓடிவந்தவர்களுக்கு எதிரிலேயே வீடு தெரிகிறது என்றால், இதைவிட ஒரு இயக்குநருக்கு என்ன வேண்டும்? பணம் கொடுத்து செட் போட்டாலும் வராது.

சரி, கிளம்புவதற்கு வருவோம். இந்தப் படங்களில் முதல் மீறல் பயணம் இல்லை, பொய். 1986-ல் ராப் ரெய்னர் இயக்கிய 'ஸ்டாண்ட் பை மீ' படத்தைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டீபன் கிங்கின் குறுநாவலிலிருந்து எடுத்தது. கதை 1959-ல், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடக்கிறது. 12 வயதுப் பையன்கள் நான்கு பேர், காணாமல் போன ஒரு பையனின் பிணம் ரயில் பாதை ஓரத்தில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கத் தண்டவாளத்தோடு நடந்தே போகிறார்கள். வீட்டில் சொன்னது, வெளியே கூடாரம் போட்டுத் தூங்கப்போகிறோம் என்று. நான்கு வீட்டிலும் ஒரே பொய். அந்தப் பொய் செல்லுபடியாகும் நேரம்தான் அவர்களுடைய சுதந்திரத்தின் அளவு.

ஆனால் அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவதற்குக் காரணம் வேறு. நான்கு பேரில் கோர்டி என்ற பையனின் அண்ணன் ஜீப் விபத்தில் இறந்துபோயிருக்கிறான். வீட்டில் அப்பா அம்மாவுக்கு மூத்தவன் போன துக்கத்தில் இளையவன் இருப்பதே கண்ணில் படவில்லை. வழியில் கையில் இருக்கிற சில்லறையை எல்லாம் ஒன்றாகக் கொட்டி எண்ணிப் பார்க்கிறார்கள், சாப்பாடு வாங்க கோர்டி கடைக்குப் போகிறான். கடைக்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டு அண்ணனைப் பற்றியே பேசுகிறார். ஊரை விட்டு இவ்வளவு தூரம் நடந்து வந்தும் அண்ணன் விடவில்லை. கடைசியில் அந்த முகம் தெரியாத பையனின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கோர்டியால் தன் அண்ணனுக்காக அழ முடிகிறது. பிணம் பார்க்கப் போகிறோம் என்பது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். வீட்டில் அழ இடம் இல்லாதவன் அழுவதற்காகப் போன பயணம் அது. உங்கள் நான்கு பேரும் 'சும்மா ஜாலிக்கு' ஏற்காடு போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா? ஜாலி என்பது அவர்கள் சொல்வது. ஒருவனுக்காவது, அவனுக்கே தெரியாத இன்னொரு காரணம் இருக்கட்டும்.

அந்தச் சில்லறை எண்ணும் காட்சியை நம் ஊருக்குக் கொண்டுவருவது சுலபம். பஸ் டிக்கெட் போக மிச்சம் எவ்வளவு, ஒரு தட்டுவடை செட்டை நான்கு பேர் எப்படிப் பங்கு போடுவது, பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்த அந்தக் கடைசித் துண்டை யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். வசதியான வீட்டுப் பையன் ஒருவன் இருந்தால் அவன் கார்டையோ போனையோ நீட்டுவான். மற்றவர்கள் முகம் எப்படி மாறுகிறது? பணம் எங்கே தீர்கிறது என்பதைக் காட்டாத பயணப் படத்தை நான் நம்புவதில்லை. பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவின் 'தி 400 புளோஸ்' 1959-ல் வந்தது. வீட்டை விட்டு ஓடிய பையன் பாரிஸ் தெருவில் இரவெல்லாம் அலைந்துவிட்டு, விடியற்காலையில் ஒரு பால் பாட்டிலைத் திருடி மடமடவென்று குடிக்கிறான். அவ்வளவு நேரமும் வீரனாகத் தெரிந்தவன் அந்த ஒரு நிமிஷத்தில் குழந்தையாகிவிடுகிறான்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸை விட்டுவிட்டு பைக்கில் அனுப்பலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அனுப்பலாம். ஆனால் வண்டி யாருடையது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். மெக்சிகோ இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் 2001-ல் எடுத்த 'இ து மாமா தம்பியேன்' படத்தில் இரண்டு பையன்கள் தங்களைவிடப் பெரிய ஒரு பெண்ணோடு கடற்கரை தேடிக் காரில் போகிறார்கள். கார் அதில் ஒருவனுடைய அக்காவிடம் இரவல் வாங்கியது. போகிற கடற்கரையோ, அந்தப் பெண்ணைக் கவர இவர்களாகச் சொன்ன புளுகு. பெரியவர்களுக்கு மட்டுமான படம் அது, அதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். இரவல் வண்டியில் போகிறவன் இரவல் சுதந்திரத்தில்தான் போகிறான் என்பதைப் படம் எங்கும் சொல்லிக்கொண்டிருக்காமல் காட்டிவிடுகிறது.

நம் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 16 வயதில் கிடைக்கிற லைசென்ஸ் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். வீடுகளில் நிற்கிற ஸ்கூட்டர்கள் எல்லாம் அதைத் தாண்டியவை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் என்று வைத்தார்கள். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஆகவே மாமாவின் பைக்கை எடுத்துக்கொண்டு போனால், அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் நிற்கப்போவது பையன் மட்டும் இல்லை, மாமாவும்தான். அந்த மாமா கால் டாக்சி ஓட்டிப் பிழைப்பவர் என்று வையுங்கள். 'நாம செஞ்சா நமக்குத்தானே' என்று நினைத்துக் கிளம்புகிற பிள்ளைக்கு, அப்படி இல்லை என்பது அந்த இடத்தில் தெரியும்.

நான்கு பேர் என்று வைத்ததும் நல்ல முடிவு. 2005-ல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவைத்துப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் சோதனை. கூட நண்பர்கள் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ஆபத்து கூடியது, 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. வளைவில் பஸ்ஸை ஓவர்டேக் செய்கிறவன் தனியாக இருந்தால் செய்திருக்க மாட்டான், பின்னால் உட்கார்ந்து ஒருவன் 'போடா போடா' என்பதால் செய்கிறான். பாறை விளிம்புக்கு ஓட்டிய அந்த 1955 பையன்களும் சுற்றி நின்ற கூட்டத்துக்காகத்தான் ஓட்டினார்கள். அதனால் சாகசக் காட்சியில் கேமராவை வண்டி மேல் வைப்பதைவிடப் பார்த்துக்கொண்டிருக்கிற மூன்று முகங்களில் வையுங்கள். படப்பிடிப்பில் உங்கள் நடிகர்களை நிஜமாக அப்படி ஓட்டச் சொல்லவே வேண்டாம் என்பதை அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த மெக்சிகோ படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இன்னொன்று இருக்கிறது. கார் போய்க்கொண்டே இருக்கும்போது வழியில் ஓர் ஊர்ப் பலகை வருகிறது. தன்னை வளர்த்த வேலைக்காரம்மாவின் சொந்த ஊர் அது என்று பணக்காரப் பையனுக்குத் தெரியும். அவன் ஒன்றும் சொல்வதில்லை, கார் தாண்டிப் போய்விடுகிறது. பின்னணிக் குரல்தான் நமக்குச் சொல்கிறது. ஏற்காட்டுச் சாலையை நினைத்துப் பாருங்கள். மேலே போகிறவர்களுக்கு அது ஏரி, படகு, காபி, குளிர். ஆனால் சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் எத்தனை இருக்கின்றன. காபித் தோட்டங்களில் கூலி வேலை செய்கிற குடும்பங்கள் எத்தனை. அந்தப் பிள்ளைகளில் பலர் படிப்புக்காகத் தினமும் அதே பஸ்ஸில் கீழே இறங்குகிறார்கள். உங்கள் நான்கு பேரில் ஒருத்தி மலைக் கிராமத்துப் பெண்ணாக, சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவளாக இருந்தால் என்ன ஆகும்? மற்ற மூவரும் வீட்டை விட்டு ஓடுகிறார்கள், அவள் மட்டும் வீட்டை நோக்கிப் போகிறாள், அதுவும் வீட்டுக்குத் தெரியாமல். அவள் அம்மா வேலை செய்யும் தோட்டத்து வேலியைத் தாண்டும்போது மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஒரு மாற்றம் போதும், உங்கள் கதை வேறு கதையாகிவிடும். அதே மலையில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பழைய உறைவிடப் பள்ளிகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு ஓடுவது என்றாலே கீழே இறங்குவதுதான்.

அப்புறம், ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் அங்கிருந்துதான் வந்தது. அதன் கதை என்ன தெரியுமா? சிற்றன்னையின் கொடுமை தாங்காமல் ஒரு அண்ணனும் தங்கையும் வீட்டை விட்டு ஓடுகிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளைகளின் கதை சேலத்துக்குப் புதிது இல்லை. உங்கள் பஸ் அந்த நுழைவாயிலைத் தாண்டித்தான் போகும்.

தமிழில் என்ன பார்க்கலாம் என்று கேட்டீர்கள். பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' 1979-ல் வந்தது. மூன்று பையன்கள், ஒரு டீச்சர், ஒரு ஆறு. பயணம் என்று எதுவும் இல்லை, ஆனால் அந்த வயதின் திருட்டுத்தனத்தையும் பயத்தையும் அவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் நம்மிடம் குறைவு. 'பன்னீர் புஷ்பங்கள்' 1981-ல் வந்தது, ஊட்டி உறைவிடப் பள்ளியில் நடப்பது. அதில் பிரதாப் போத்தன் நடித்த ஆசிரியரைப் பாருங்கள். பிள்ளைகளை அடக்குகிற பெரியவர், கண்டுகொள்ளாத பெரியவர் என்று இரண்டு வகைதான் நம் படங்களில் இருந்தது. காது கொடுத்துக் கேட்கிற பெரியவர் அவர். 2002-ல் 'துள்ளுவதோ இளமை' வந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேர் வீட்டை விட்டுக் கிளம்புவதை நேரடியாகவே கதையாக்கினார்கள். தனுஷின் முதல் படம். அதை விளம்பரப்படுத்திய விதத்தால் படம் சொல்ல வந்தது அமுங்கிப்போனது என்பது என் எண்ணம். இன்றைக்குப் பார்த்தால், ஒவ்வொரு பிள்ளையும் ஏன் கிளம்புகிறது என்று வீடு வீடாகக் காட்டுகிற முதல் பகுதிதான் நிற்கிறது.

ஆனால் உங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்வது பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டு படங்கள். 'கூழாங்கல்' 2021-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. குடிகார அப்பா, பள்ளிக்கூடத்தில் இருந்த மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன மனைவியைத் தேடிப் போகிறார். பஸ்ஸில் திரும்ப முடியாதபடி பையனே செய்துவிடுகிறான். இருவரும் வெயிலில் பொட்டல் காட்டில் நடக்கிறார்கள். சின்னப் பையன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் அப்பாவை அத்தனை தூரம் நடக்கவைக்கிறான். இதைவிடப் பெரிய கலகத்தை நான் தமிழ்ப் படத்தில் பார்த்ததில்லை. ஏற்காட்டுப் பஸ்ஸைவிடக் குறைவான தூரம் அது.

அடுத்தது 2024-ல் வந்த 'கொட்டுக்காளி'. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலுமாக ஒரு சாமியாரிடம் கூட்டிப்போகிறது. அவள் ஏறக்குறையப் படம் முழுக்க வாயைத் திறப்பதில்லை. பையன்கள் கலகம் செய்ய வெளியே போகிறார்கள், அவளை வெளியே கொண்டுபோவதே கலகத்தை ஒடுக்கத்தான். சாலைப் படம் என்ற வகையையே திருப்பிப் போட்ட படம் இது. உங்கள் கதையில் பெண் பிள்ளை இருந்தால் இதைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

பெண் பிள்ளை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான படங்கள் இங்கேதான் கோட்டைவிடுகின்றன. பையன் ராத்திரி 9 மணிக்கு வந்தால் 'எங்கடா சுத்திட்டு வர்ற' என்பதோடு முடியும். பெண் 6 மணிக்கு வரவில்லை என்றால் நான்கு வீட்டுக்குப் போன் போகும். அவளுடைய கடிகாரம் வேறு. அவளுடைய பொய்யும் வேறு. அவனுக்கு 'ஸ்பெஷல் கிளாஸ்' என்ற ஒரு வார்த்தை போதும். அவளுக்கு ஒரு தோழி, அந்தத் தோழியின் அம்மா, ஒரு ரெக்கார்டு நோட்டு என்று சாட்சிகளோடு கட்டிய பொய் வேண்டும். யூனிஃபார்மை எங்கே மாற்றுவது, கழிவறைக்கு எங்கே போவது என்பதையெல்லாம் பையன்கள் யோசித்தே இருக்க மாட்டார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் டவுன் பஸ் போகிற தூரம் வரை அவளுக்குக் காசு கவலை மட்டும் கிடையாது. யாரிடமும் கைநீட்டாமல் பஸ் ஏற முடிகிறது என்பது ஒரு பெண் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் வகுப்புத் தோழிகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

செல்போன் இருக்கிற காலத்தில் தொலைந்துபோவது எப்படி என்றும் யோசித்திருப்பீர்கள். மேலே சில வளைவுகளில் சிக்னல் போகும், மறுபடி வரும். வந்தவுடன் தவறிய அழைப்புகள் ஒன்றாக வந்து விழும். 'அம்மா', 'அம்மா', 'அப்பா', 'அம்மா', 'கிளாஸ் மிஸ்'. நான்கு போனும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டாம். யாருடைய போன் மட்டும் அடிக்கவே இல்லை என்பதைக் காட்டுங்கள்.

கடைசியாகத் திரும்புதல். 'தி 400 புளோஸ்' பையன் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து ஓடி, அதுவரை பார்த்தே இராத கடலுக்கு வந்து நின்றுவிடுகிறான், படம் அங்கேயே உறைகிறது. 'ஸ்டாண்ட் பை மீ' பையன்கள் காலையில் ஊர் திரும்பும்போது ஊர் சின்னதாகத் தெரிகிறது. நம் படங்களில் அநேகமாக ஒரு பெரியவர் போய்க் கூட்டிவந்து புத்தி சொல்வார், அல்லது யாராவது செத்துப்போவார்கள். மீறியதற்குத் தண்டனை கொடுத்துத்தான் படத்தை முடிக்க வேண்டும் என்ற பயம் நம் எழுத்தாளர்களை இன்னும் விடவில்லை. நீங்கள் அதைச் செய்யாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து இறங்க இரண்டு வழி இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் அடிவாரம் வழியாக ஏறுகிறார்கள். விஷயம் தெரிந்து ஓர் அப்பா டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு அதே 20 வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் குப்பனூர் வழியாக இறங்கினால் இருவரும் வழியில் சந்திக்கவே மாட்டார்கள். மகன் வீட்டில் இருப்பான், அப்பா மலை மேல் தேடிக்கொண்டிருப்பார். இப்போது யார் யாருக்காகக் காத்திருப்பது? இதை எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.